மலையாளம் நன்றாகப் பேசிய நாள்

நான்காம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில் நாங்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து இரண்டு பெஞ்சுகள், கால் ஆடுகிற ஒரு மேஜை, ஒரு டீச்சர். தனி அறை கிடையாது. நீளமான ஒரு கூடத்தை மூங்கில் தட்டியால் பிரித்திருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் மலையாளப் பிரிவு, நாற்பது பேர். ஐந்து சன்னல்களில் நான்கு அவர்கள் பக்கம். எங்களுக்கு இருந்த ஒரே சன்னல் பள்ளிச் சமையல்கட்டைப் பார்த்திருந்தது. அதனால் பதினோரு மணிக்கே கஞ்சி கொதிக்கும் வாசனையும் சிறுபயறு வேகும் வாசனையும் எங்களுக்கு வந்துவிடும். அவர்களுக்கு இல்லாமல் எங்களுக்கு மட்டும் இருப்பவை என்று அப்போது மனத்துக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதில் முதலாவது இந்த வாசனை. இரண்டாவதாக எழுத எதுவும் கிடைக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் வீட்டுக்குள் தமிழும் தெருவில் மலையாளமுமாக வளர்ந்து, இப்போது முப்பதுகளில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் பள்ளியில் ஆறுக்குப் பதில் பதினொன்று இருந்திருக்கும். தட்டிக்குப் பதில் ஒரு பீரோ நின்றிருக்கும். நான் சொல்லப்போவது ஒரு மழைக்காலத்தைப் பற்றி மட்டும்தான். பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் தொடங்கி ஓணப் பரீட்சைக்கு முந்தைய வாரத்தோடு அது முடிந்துவிட்டது.

காலையில் முதல் வேலை வாய்ப்பாடு. அந்தப் பக்கத்து நாற்பது குரல்கள் ஏழாம் வாய்ப்பாட்டை மலையாளத்தில் முழங்கும்போது, நாங்கள் ஆறு பேரும் மூன்றாம் வாய்ப்பாட்டைத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்போம். பாதி வழியில் எங்கள் மூன்று அவர்களுடைய ஏழாக மாறிவிடும். டீச்சர் கோபப்பட மாட்டார். "அவங்க மூச்சு விடுத நேரம் பாத்துச் சொல்லுங்க மக்களே" என்பார். டீச்சர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். வந்ததும் சேலையின் கீழ்க்கரையைப் பிழிந்துவிட்டு, குடையைச் சன்னல் கம்பியில் மாட்டுவார். அது சொட்டி முடிக்கும் நேரமும் எங்கள் வாய்ப்பாடு முடியும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

பாடப் புத்தகங்கள் அந்தப் பக்கத்துக்குப் பள்ளி திறந்த வாரமே வந்துவிடும். எங்களுடையவை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் வகுப்பில் ஓணம் கழிந்துதான் வந்தன. அதுவரை டீச்சர் மலையாளப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே போவார்; நாங்கள் நோட்டில் எழுதுவோம். புத்தகம் வந்த பிறகு அதைப் படித்தால் டீச்சர் சொன்னதுதான் நன்றாக இருந்ததுபோலத் தோன்றும். அந்த நோட்டுகள் எதுவும் இப்போது என்னிடம் இல்லை.

ஆறு பேரில் நான்கு பேர் சாலை பஜார் கடைகளைச் சேர்ந்த பையன்கள். அவர்கள் தங்களுக்குள் மலையாளத்திலேயே சண்டை போட்டுக்கொள்வார்கள். அது சண்டைக்கு வசதியாக இருந்தது. ஐந்தாவது நான். ஆறாவது கொத்தனாரின் மகள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அவளுடைய அய்யாவும் அம்மாவும் கட்டட வேலைக்கு வந்திருந்தார்கள். அவள் மூன்றாம் வகுப்பின் நடுவில் வந்து சேர்ந்தாள். மலையாளம் ஒரு சொல்லும் தெரியாது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. வாய் ஓயாது. எந்த வீட்டில் எந்தச் சுவர் கோணல், எந்த எஞ்சினியருக்குத் தொப்பை, சிமெண்டில் காலை விட்டால் எத்தனை நாள் எரியும் என்று எல்லாம் சொல்வாள். அவளுடைய அய்யாவின் பழைய ரசமட்டம் ஒன்று அவள் பையில் கிடந்தது. தளம் சமமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கும் கருவி. கட்டையின் ஒரு முனை உடைந்திருந்தாலும் கண்ணாடிக் குழாயும் அதற்குள் குமிழியும் நன்றாகவே இருந்தன. அதை எங்கள் பெஞ்சில் வைத்துப் பார்த்தோம். குமிழி தட்டிப் பக்கமாக ஓடி நின்றது.

"ஏட்டி, பள்ளிக்கூடமே சரிஞ்சுல்லா இருக்கு" என்றாள். அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

எனக்கு அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. அந்தச் சமயம் அம்மா பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். அப்பா ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்தக் கடையொன்றில் விற்பனையாளர். கடையின் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்கு மேலேதான் எங்கள் வீடு. கீழே மூட்டை இறக்கும் நாட்களில் மேலே நாங்கள் தும்முவோம். அப்பா திரும்பும்வரை நான் மாடியில் உட்கார்ந்து, கீழே தெருவில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். அப்பா வாடிக்கையாளரிடம் மலையாளத்தில் பேசி, மூட்டை தூக்குகிறவரிடம் தமிழில் திரும்புவார். எந்தக் கணத்தில் மாறினார் என்று எத்தனை தடவை பார்த்தாலும் பிடிபடாது. நானும் அப்படித்தான் பேசினேன். கொத்தனாரின் மகளிடம் மட்டுமே முழுநாளும் ஒரே மொழியில் இருந்தேன் என்பது இப்போது யோசிக்கும்போது தெரிகிறது.

ஜூன் கடைசியில் ஒரு மாலை டீச்சர் ரயிலுக்குப் போகும் வழியில் கடைக்கு வந்தார். நான் மூட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். டீச்சர் உட்காரவில்லை.

"கல்வி ஆபீசர் வாராரு அண்ணாச்சி. தமிழ்ப் பிரிவு தேவைதானான்னு பாத்து எழுதணுமாம். பிள்ளைக கொறவா இருந்தாலும், தேவைன்னு அவரு எழுதிட்டா நடக்கும். இல்லேன்னா தட்டியை எடுத்துருவாங்க."

"எடுத்தா?"

"பிள்ளைகளை அந்தப் பக்கம் உக்கார வைப்பாங்க. என்னை எங்கயாவது தூக்கிப் போடுவாங்க."

அப்பா ஒரு வற்றலை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். யோசிக்கும்போது அப்படிச் செய்வார். "நம்மளைப் பத்தி என்ன கொறை டீச்சரே சொல்லுவாங்க? தமிழ்ல படிக்கிற பிள்ளைக்கு மலையாளம் வராது, நாளைக்கு ஒரு ஆபீஸ்ல போய் நின்னா முழிக்கும். இதானே? அந்த வாயை அடைச்சிருவோம். நம்ம மோளை எழுப்பி விடுங்க. இவ பேசுறதைக் கேட்டா தட்டிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைன்னுதான் நினைப்பாரு, அல்லே?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "அதைத்தான் அண்ணாச்சி நானும் நினைச்சேன். எல்லாப் பிள்ளைகளையும் மலையாளத்துலயே பதில் சொல்ல வச்சிருவோம். தமிழ்ல படிச்சும் இவ்வளவு நல்லாப் பேசுதேன்னு அசந்து போகணும்."

இருவரும் முட்டாள்கள் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். காலமெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்த ஒரு குறைக்கு அவர்கள் பதில் தயார் செய்தார்கள். வரப்போகிறவர் கேட்க இருந்தது வேறு கேள்வி என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கோ, ஒரு பிரிவே என் நாக்கில் நிற்கிறது என்ற பெருமை. அன்று இரவு சாப்பாட்டுக்கு அப்பா அப்பளம் இரண்டு கூடுதலாகப் பொரித்தார்.

வரவேற்புரையை அப்பாவே மலையாளத்தில் எழுதித் தந்தார். "பஹுமானப்பெட்ட", அதாவது மதிப்பிற்குரிய, என்று தொடங்கும். நான் இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். பையன்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஒரே பிரச்சினை கொத்தனாரின் மகள். அவளுக்கு இரண்டே இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை டீச்சர் எனக்குக் கொடுத்தார்: பெயர், படிக்கும் வகுப்பு. கஞ்சி குடித்த தட்டைக் கழுவி வைத்த பிறகு படியில் உட்கார்ந்து தினமும் பயிற்சி.

"'ஞான் நாலாம் க்ளாஸிலாணு.' சொல்லு."

"ஞான்."

"மூக்குல இருந்து வரணும்."

"எனக்குச் சளி புடிச்சா வேணா வரும்" என்பாள். பிறகு சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

நான்காம் நாள் கோபத்தோடு சொன்னேன்: "நீ சரியாச் சொல்லலேன்னா நம்ம பிரிவையே எடுத்துருவாங்க. டீச்சரை மாத்திருவாங்க. தெரியுமா?"

அவள் முகம் மாறியது. அதன்பின் சிரிக்கவில்லை. முயற்சி செய்தாள். ஆனால் வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்கும்போது அது எந்த மொழியாகவும் இல்லாமல் போயிற்று. நான் டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். டீச்சர், "சரி. அவ பின் பெஞ்சுல சுவரோரமா இருக்கட்டும். வாயைத் தெறக்காண்டாம்னு சொல்லு" என்றார். யார் எங்கே உட்காருவது என்று ஒரு தாளில் நான்தான் கட்டம் போட்டுக் கொடுத்தேன். சுவரோரக் கட்டத்தில் அவள் பெயரை மற்றவற்றைவிடச் சின்னதாக எழுதினேன்.

ஆபீசர் வந்த அன்று நல்ல மழை. நாங்கள் எதிர்பார்த்தது மீசை வைத்த ஒரு பெரிய மனிதரை. வந்தவர் மெலிந்தவர், ஃபைலைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஹெட்மாஸ்டர் குடை பிடித்தார். தட்டிக்கு அந்தப் பக்கத்தை அன்று காலையிலேயே மைதானத்து ஷெட்டுக்கு அனுப்பியிருந்ததால் கூடம் அமைதியாக இருந்தது. எங்கள் குரல்கள் எப்படி ஒலிக்கும் என்று அன்றுதான் நாங்களே முதல்முறையாகக் கேட்டோம்.

நான் எழுந்து பேசினேன். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. ஆபீசரின் முகம் மெல்ல மலர்வதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். முடித்ததும் அவர் கைதட்டினார். "மிடுக்கி!" என்றார். கெட்டிக்காரி என்று பொருள். வீடு எங்கே, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். பையன்களையும் கேட்டார். அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். ஒருவன் ஆபீசரைச் சிரிக்கவும் வைத்தான். டீச்சர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பல நாட்களுக்குப் பிறகு அவர் தோள்கள் தளர்ந்திருந்தன.

ஆபீசர் கிளம்பியவர், பின் பெஞ்சைப் பார்த்து நின்றார். நல்ல மனிதர், யாரையும் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருந்தவளிடம் குனிந்து கேட்டார்: "மோளுக்கு மழ இஷ்டமாணோ?"

மழை பிடிக்குமா என்று கேட்கிறார். அது அவளுக்குப் புரிந்தது. அவள் கண்கள் அகன்றன. வாய் திறந்தது. "மழையா சார்..." என்று எழுந்தாள்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "சார், அவள்க்கு தொண்டவேதனயா. சம்சாரிக்கான் வய்யா." தொண்டை வலி, பேச முடியாது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த இடத்தில் நானாகவே சொன்னது.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு தொண்டையில் கையை வைத்து, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"அய்யோ பாவம்" என்றார் ஆபீசர். மழையில் நனைய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டே படியிறங்கினார்.

டீச்சர் எங்களுக்கெல்லாம் டீக்கடையில் பழம்பொரி வாங்கித் தந்தார். என் தலையில் கை வைத்து, "சமயத்துல காப்பாத்திட்டியே மக்களே" என்றார். எனக்கு இரண்டு பழம்பொரி.

வீட்டுக்குப் போகும் வழியில் கொத்தனாரின் மகள் என் காதருகே வந்து காற்றாகப் பேசினாள். குரலே இல்லை.

"ஏன் இப்படிப் பேசுத?"

"நீதான தொண்டை வலின்னு சொன்ன? அந்தா பாரு, அவரு இன்னும் பஸ்ஸுக்கு நிக்காரு."

ஆபீசர் பஸ் ஏறிப் போன பிறகும் அவள் குரலைத் திரும்ப எடுக்கவில்லை. அந்த விளையாட்டு அவளுக்குப் பிடித்துவிட்டது. சந்து திரும்பும் இடத்தில் நின்று அதே காற்றில் கேட்டாள்: "மழை புடிக்குமான்னு தான கேட்டாரு?"

"ஆமா."

"புடிக்காதுன்னு சொல்ல வந்தேன். மழை பேஞ்சா எங்கய்யாவுக்கு வேலை கெடையாது. பூசுன சாந்தெல்லாம் வழிஞ்சிரும்."

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. டீச்சர் அதைக் கடைக்கு வந்து சொன்னார். பிள்ளைகள் எல்லாரும் மலையாளம் சரளமாகப் பேசுகிறார்கள், ஆகவே தனியாக ஒரு தமிழ்ப் பிரிவுக்கு அவசியம் இல்லை என்பதுபோல ஆபீசர் எழுதியிருந்தாராம். டீச்சர் அழவில்லை. கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினார்.

"நாம நல்லாத்தானே அண்ணாச்சி பேசினோம்?"

அப்பா ஒரு வற்றலின் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "மலையாளம் வரலேன்னா, தமிழ்ப் பிரிவு பிள்ளைகளைக் கெடுக்குதுன்னு எழுதியிருப்பான் டீச்சரே. அப்பவும் தட்டியை எடுப்பான்."

இருக்கலாம். கணினி நிரல்களைச் சோதித்துப் பார்ப்பது இப்போது என் வேலை. எது உள்ளே போனால் எது வெளியே வரும் என்று கட்டம் போட்டுப் பார்ப்பேன். இதற்கும் பல தடவை போட்டிருக்கிறேன். மலையாளம் வந்தால் ஒரு முடிவு, வராவிட்டால் இன்னொரு முடிவு, இரண்டிலும் பிரிவு போய்விடுகிறது. ஒரே ஒரு கட்டம்தான் காலியாக நிற்கிறது. மழை பெய்தால் எங்கள் அய்யாவுக்கு வேலை இல்லை என்று ஒரு பிள்ளை தமிழில் சொல்லியிருந்தால், குனிந்து நின்ற அந்த மனிதர் என்ன எழுதியிருப்பார்? அதைச் சோதித்துப் பார்க்க விடாமல் தடுத்தவள் நான்.

டீச்சரை மலைப்பக்கம் விதுராவைத் தாண்டி எங்கேயோ போட்டார்கள். கடைசி நாள் அவர் எங்களுக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடினார். தட்டியை இரண்டு ஆட்கள் வந்து பத்து நிமிடத்தில் கழற்றினார்கள். அதன் மறுபக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் பக்கம் வெறும் மூங்கிலாக இருந்த தட்டியில், அவர்கள் பக்கம் முழுக்க வண்ணத்தாள் பூக்கள் ஒட்டியிருந்தன.

பையன்கள் நான்கு பேரும் ஒரு வாரத்துக்குள் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நாங்கள் இருவர். உயரத்தின்படி உட்கார வைத்ததில் நான் முதல் பெஞ்சு, அவள் கடைசி பெஞ்சு. நடுவில் நாற்பது பேர். முதல் நாளே யாரோ பின்னாலிருந்து "பாண்டி" என்றார்கள், தமிழர்களைக் கேலியாகச் சொல்வது. அது அவளைப் பார்த்துச் சொன்னது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைக் கேட்டவர்களிடம் என் வீடு சாலை பஜாரில் என்று சொன்னேன். தமிழ் என்று சொல்லவில்லை. யாரும் சந்தேகப்படவில்லை. என் பேச்சைக் கேட்டால் அந்தப் பக்கத்துப் பிள்ளை என்றே நினைப்பார்கள் என்று அப்பா சொன்னது சரிதான். இடைவேளையில் புதிய பெஞ்சுக்காரிகளோடு கழங்கு விளையாடினேன். அவள் படியில் உட்கார்ந்திருப்பாள். நான் போனால் தமிழில் பேச வேண்டும். பேசினால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் போவதைக் குறைத்தேன். பிறகு நிறுத்தினேன். கூட்டத்தின் நடுவில் சிரித்துக்கொண்டே தனியாக இருப்பது எப்படி என்று அந்த ஆடி மாதத்தில்தான் கற்றுக்கொண்டேன். இன்றும் அது கைவசம் இருக்கிறது.

தட்டி போன பிறகு பள்ளியில் அவள் பேசவே இல்லை. மலையாளப் பிரிவின் கிளாஸ் டீச்சர் எதைக் கேட்டாலும் எழுந்து நின்று தொண்டையில் கை வைப்பாள். நான் அன்று எடுத்துக் கொடுத்த அந்த ஒன்றை அவள் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. கிளாஸ் டீச்சர் கொடுமைக்காரி இல்லை. சுக்கு மிட்டாய் வாங்கி வந்து தினமும் ஒன்று கொடுத்தார். இரண்டு வாரத்துக்குப் பிறகு மிட்டாயை நிறுத்திவிட்டு, அவளை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார். வகுப்பில் அவளிடம் பேச வேண்டியிருந்தால் எல்லாரும் கைஜாடை காட்டினார்கள். நானும் ஒரு தடவை காட்டினேன்.

ஓணப் பரீட்சைக்கு முந்தைய வாரம் அவளுடைய அம்மாவை வரச் சொன்னார்கள். வேலையிடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். யூரியாச் சாக்கை மழைக்குத் தலைமேல் கொங்காணி போட்டிருந்தாள், கால் நகங்களில் சிமெண்ட். கூடத்துக்குள் வரத் தயங்கி வாசலிலேயே நின்றாள். கிளாஸ் டீச்சருக்குத் தமிழ் வராது. முதல் பெஞ்சிலிருந்து என்னை அழைத்தார். "மோளே, நீ இவர்க்கொந்நு பறஞ்ஞு கொடுக்கு."

எடுத்துச் சொல்ல வேண்டும். கிளாஸ் டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: இந்தக் குட்டி இத்தனை நாளாக ஓர் எழுத்துப் பேசவில்லை. தொண்டையில் ஏதோ கோளாறு, அல்லது பிறவியிலேயே பேச்சு வராத பிள்ளை. பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று வேறு பள்ளி இருக்கிறது.

"என்ன தாயி சொல்லுதாக?" என்று அவளுடைய அம்மா கேட்டாள்.

"டாக்டர்ட்ட காட்டணுமாம்."

"எதுக்கு?"

"பேச்சு வரலையாம்."

"ஆருக்கு? இவளுக்கா?" அவள் சிரித்தேவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "வீட்டுல இவ வாயை அடைக்கதுக்குல்லா நான் மருந்து தேடுதேன்! ஏட்டி, பேசுட்டி. டீச்சர்ட்ட உம் பேரைச் சொல்லு."

கொத்தனாரின் மகள் டீச்சரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை; குற்றம் சாட்டவும் இல்லை. இனிப் பேசலாமா என்று என்னைக் கேட்டாள். அவ்வளவுதான். பிரிவைக் காப்பாற்ற நான் அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லியிருந்தேன். பேசலாம் என்று அதற்குப் பிறகு நான் சொல்லவே இல்லை. எங்கள் டீச்சர் போய், தட்டி போய், எல்லாம் போன பிறகும் அவள் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் தலையை அசைத்தால் போதும், அவள் பேசுவாள். பேசினால், இத்தனை நாள் தொண்டையில் ஏன் கை வைத்தாய் என்று கிளாஸ் டீச்சர் அவளைக் கேட்பார். ஆபீசரிடம் நான் பொய் சொன்னது தெரிந்துவிடும். நாற்பது பேர் முன்னால் நானும் அவளும் ஒன்றாகிவிடுவோம். இதையெல்லாம் அப்போது இப்படி வரிசையாக யோசித்தேனா என்று தெரியாது. நான் தரையைப் பார்த்தேன்.

சிறிது நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தபோது, அவள் கை தொண்டைக்குப் போயிருந்தது.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி வாய்க்குள் பார்த்தாள். "அப்ப இங்கன பேசாம இருக்கது நிசமாத்தானா?" என்று யாரிடமோ கேட்டாள். பிறகு என்னிடம், "ஊருக்கே கூட்டிட்டுப் போயிருதேன்னு சொல்லு தாயி. அங்கன உள்ள பள்ளிக்கூடத்துல போட்டுக்கிடுதேன்" என்றாள். அதை மட்டும் ஒரு சொல் விடாமல் மலையாளத்தில் சொன்னேன். அதுதான் நல்லது என்று கிளாஸ் டீச்சர் ஆறுதலாகச் சொன்னார். அவளுடைய பையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். உள்ளே ரசமட்டம் இருந்த கனம் கையில் தெரிந்தது.

அம்மா சாக்குக்குள் மகளையும் இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கிளாஸ் டீச்சர் மேஜைக்குத் திரும்பி, வருகைப் பதிவேட்டை விரித்து, ஸ்கேலை வைத்து அவள் பெயருக்குக் குறுக்கே கோடு போடத் தொடங்கினார். நான் அருகில் நின்றேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது.

அப்போது வெளிவாசல் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. உரத்த, தெளிவான குரல். ஒரு மாதம் அடைபட்டிருந்தது மொத்தமாகத் திறந்துகொண்டதுபோல வந்தது. "எம்மா, அந்த டீச்சருக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி, பாத்தியா? எம்மா, அந்தக் கக்கூஸ் சுவத்தை ஆரு பூசுனா, இம்புட்டு கோணலா இருக்கு? எம்மா, வடை வாங்கித் தாயேன்! எம்மா!" அம்மா ஏதோ அதட்டுவதும், பிறகு அவளும் சேர்ந்து சிரிப்பதும் கேட்டன.

கிளாஸ் டீச்சர் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே முகம் சுளித்தார். அந்தக் குரலை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. யார் அங்கே நின்று இப்படிக் கூச்சல் போடுவது என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். "அறிஞ்ஞூடா, டீச்சர்."